மாத்தராஸியும் ஒரு மதராஸிதான்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தபோது பேரன் செல்போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினான்.

"தாத்தா, இதப் பாருங்க. ஒருத்தர் ஓடிவந்து நெஞ்சுல முட்டுறாரு, இன்னொருத்தர் பொத்துனு விழுறாரு. பாட்டெல்லாம் போட்டிருக்காங்க."

பார்த்தேன். பத்து வினாடி ஓடுகிறது. முட்டியவர் ஜிதான். விழுந்தவர் மாத்தராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அதற்குச் சினிமா பாட்டு ஒன்றைச் சேர்த்து யாரோ வேடிக்கை ஆக்கியிருந்தார்கள்.

"விழுந்தவர் யாருன்னு தெரியுமாடா?"

"முட்டு வாங்குனவரு."

அவன் பதில் அவ்வளவுதான். அவனுக்குப் பன்னிரண்டு வயது, அவனை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதே பதிலை எழுபது வயதுக்காரர்களும் சொல்கிறார்கள். திரும்பி வந்ததும் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்கும்போது என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அட, அந்த வாய்க்கொழுப்புப் பயலா? ஜிதானோட அக்காளையோ தங்கச்சியையோ திட்டுனவன்தானே அண்ணாச்சி?" என்றார். புதுச்சேரியில் இருக்கும் என் பெரியப்பா மகனைக் கேட்டால் இதைவிட மோசமாகச் சொல்வார். அதை இங்கே எழுத முடியாது.

ஒரு மனிதர் இருபது வருஷம் ஆடியிருக்கிறார். அதில் பத்து வினாடியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, இதுதான் அந்த ஆள் என்கிறோம். இது அநியாயம். இந்த அநியாயத்தை எதிர்த்துத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நான் இத்தாலி ஆதரவாளன் அல்ல. காரைக்காலில் பிறந்தேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்தேன். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் கைமாறியது 1954-ல், சட்டப்படி முழுதாக நம்மோடு சேர்ந்தது 1962-ல். அந்த இடைக்காலத்தில் பிரெஞ்சில் அ, ஆ படித்த கடைசித் தலைமுறைகளில் நான் ஒருவன். பிறகு அப்பா காலமானார். அம்மா பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தோம். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தமிழ்நாடு அரசில் குமாஸ்தா ஆனேன். ஆனாலும் உலகக் கோப்பை என்று வந்தால் இன்றைக்கும் என் மனசு பிரான்ஸ் பக்கம்தான் சாயும். 1998-ல் ஜிதான் தலையால் இரண்டு கோல் போட்ட ராத்திரி, கூடத்தில் எழுந்து நின்று கைதட்டியவன் நான். எனவே பக்கச்சார்பு என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. என் பக்கத்தை எதிர்த்துத்தான் பேசுகிறேன்.

அந்த ராத்திரியும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2006 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரத்துக்கு இரவு பதினொன்றரைக்கு பெர்லினில் ஆட்டம் தொடங்கியது. மறுநாள் ஆபீஸ். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தனியாகப் பார்த்தேன்.

7-வது நிமிடம். மலூடா என்ற பிரெஞ்சு வீரர் உள்ளே புகுந்தார். மாத்தராஸி குறுக்கே வந்தார், மலூடா விழுந்தார், பெனால்டி. ஜிதான் பந்தை மெல்லத் தூக்கிப் போட்டார். அது கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. ஆக முதல் கோலுக்குக் காரணம் மாத்தராஸியின் தவறு. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ஏழாவது நிமிடத்தில், உன்னால் ஊரே தோற்கிறது என்ற நிலை. ஒரு மனிதர் அங்கேயே உடைந்துபோக இது போதும்.

19-வது நிமிடம். பிர்லோ கார்னர் அடிக்கிறார். மாத்தராஸி பின்னாலிருந்து ஓடிவந்து, விய்யேராவின் தலைக்கு மேலே எழும்பி, தலையால் அடிக்கிறார். கோல். ஒன்றுக்கு ஒன்று. தன் கணக்கில் விழுந்த பற்றைப் பன்னிரண்டே நிமிடத்தில் தானே வரவு வைத்துவிட்டார்.

110-வது நிமிடம். மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த முட்டு. அர்ஜென்டினா நடுவர் எலிசோன்டோ சிவப்பு அட்டையை உயர்த்தினார். ஜிதான் கோப்பையைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். அதுதான் அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

நம் நண்பர்கள் எல்லாரும் இந்த இடத்திலேயே டி.வி.யை அணைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆட்டம் அதோடு முடியவில்லை. கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டி உதைகள் வந்தன. இத்தாலிக்காக இரண்டாவதாக உதைக்க வந்தவர் யார்? மாத்தராஸி. முழு மைதானமும் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. சற்று முன்பு நெஞ்சில் முட்டு வாங்கியவர். பந்தை வைத்தார், உதைத்தார், கோல். அடுத்து வந்த பிரான்சின் த்ரெஸெகே அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்தது. ஐந்துக்கு மூன்று என்று இத்தாலி வென்றது.

ஆக, ஆட்ட நேரத்தில் இத்தாலி போட்ட ஒரே கோல் இவருடையது. பெனால்டியிலும் ஒன்று இவருடையது. இறுதி ஆட்டத்தின் கதாநாயகன் யார் என்று கணக்குப் பிள்ளையைக் கேட்டால் யார் பெயரைச் சொல்வார்? சிறந்த வீரருக்கான தங்கப் பந்து மட்டும் ஜிதானுக்கே போனது. அந்தத் தொடர் முழுக்க அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது தகும். நான் அதை மறுக்கவில்லை. மறுநாள் ஜனாதிபதி சிராக் அவரை மாளிகையில் வைத்துப் புகழ்ந்ததையும் மறுக்கவில்லை. ஒருவருக்கு அவர் வாழ்க்கை முழுவதையும் பார்த்து மாலை போடுகிறீர்கள். அதே தராசில் மற்றவரையும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அரசு ஊழியர்களுக்கு எஸ்.ஆர். என்றால் தெரியும். சர்வீஸ் ரிஜிஸ்டர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை எல்லாம் அதில் ஏறும். மாத்தராஸியின் எஸ்.ஆரைக் கொஞ்சம் புரட்டுவோம்.

பிறப்பு 1973 ஆகஸ்ட் 19, இத்தாலியின் தென்கோடியில் லெச்சே. அப்பா ஜூசெப்பே பந்தாட்டக்காரர், பிறகு பல அணிகளுக்குப் பயிற்சியாளர். பதினைந்து வயதில் அம்மா இறந்துபோனார். அப்பா பயிற்சியாளர் என்பதால் மகனைப் பெரிய அணிகள் தூக்கிக்கொண்டு போகவில்லை. மார்சாலா, திராப்பானி என்று சிசிலித் தீவின் சின்ன ஊர்களில், கீழ்மட்டப் பிரிவுகளில் ஆடினார். நம் சாத்தூர், சிவகாசி அணிக்கு ஆடுவதுபோல வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெருஜா. இடையில் ஒரு சீசன் இங்கிலாந்தில் எவர்ட்டன். மறுபடியும் பெருஜா. அங்கே 2000-01 சீசனில் முதல் பிரிவில் 12 கோல் போட்டார். ஸ்டாப்பர் பேக் ஆடுபவர் 12 கோல்! இத்தாலி முதல் பிரிவில் ஒரே சீசனில் எந்தப் பின்கள ஆட்டக்காரரும் அதற்குமுன் அத்தனை போட்டதில்லை. தேசிய அணியில் இடம் கிடைத்தபோது வயது 27. நம் ஊரில் இருபத்தைந்திலேயே "வயசாயிருச்சு" என்று ஓரங்கட்டிவிடுவார்கள்.

2006 உலகக் கோப்பைக்கும் அவர் பதிலாள்தான். முதல் பேக் அலெசாந்திரோ நெஸ்தா. செக் குடியரசுக்கு எதிராக நெஸ்தாவுக்குக் காயம்பட்டது. எழுந்து போய் ஆடு என்றார்கள். போனார், சில நிமிடங்களில் தலையால் ஒரு கோல் போட்டார். அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கினார். பிறகு திரும்பி வந்து அரையிறுதியும் இறுதியும் ஆடினார். இத்தாலிக்காக அவர் 41 ஆட்டம் ஆடியிருக்கிறார். மொத்தம் இரண்டே கோல். இரண்டும் அந்த ஒரு மாதத்தில் போட்டவை.

இன்டர் மிலான் அணியில் பத்து வருஷம். ஐந்து முறை இத்தாலி சாம்பியன். 2010-ல் ஐரோப்பியக் கோப்பை. அந்த இரவு மாட்ரிட்டில், அணியை விட்டுப் போகும் பயிற்சியாளர் மொரீன்யோ காரிலிருந்து இறங்கிவந்து, சுவரில் சாய்ந்து நின்ற மாத்தராஸியைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம்.

இன்னொரு படமும் உண்டு. 2005-ல் மிலான் நகரத்து இரண்டு அணிகளும் மோதிய ஆட்டம். ரசிகர்கள் மைதானத்துக்குள் தீப்பந்தங்களை எறிய, ஆட்டம் நின்றுபோனது. சிவப்புப் புகைக்கு நடுவே எதிரணியின் ரூயி கோஸ்தாவின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் மாதிரி, இந்த மாத்தராஸி நிற்கிறார். பேரனுக்கு யாரும் அந்தப் படத்தை அனுப்பவில்லை.

எஸ்.ஆரில் கறுப்பு வரிகளே இல்லையா? உண்டு, நிறையவே உண்டு. மறைக்கமாட்டேன். முரட்டு ஆட்டம். எண்ண முடியாத அட்டைகள். 2004-ல் சியேனா அணியின் சிரில்லோ என்பவரை அடித்ததற்காக இரண்டு மாதம் தடை வாங்கினார். ஜிதானிடம் அன்று பேசியதும் தவறுதான். சட்டையைப் பிடித்து இழுத்தார். வேண்டுமானால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன் என்று ஜிதான் ஏளனமாகச் சொன்னார். அதற்கு இவர் ஜிதானின் சகோதரியை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவரே பிறகு ஒப்புக்கொண்டார். நம் வீட்டுப் பெண்ணை ஒருவன் இழுத்துப் பேசினால் நமக்கும் கை நீளும். அதுவும் புரிகிறது.

ஆனால் இவர் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார்கள் பாருங்கள், அதை என்னவென்பது? உதட்டசைவை வைத்துக் கண்டுபிடித்தோம் என்று, இன வெறுப்பாக ஏசினார், பயங்கரவாதி என்றார் என்றெல்லாம் இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. மாத்தராஸி வழக்குப் போட்டார். மூன்று பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடும் கொடுத்தன. அந்த மன்னிப்பு வந்த செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்? என் பெரியப்பா மகனுக்குத் தெரியாது. நான் சொன்ன பிறகும் நம்பவில்லை.

ஃபிஃபா விசாரித்தது. ஜிதானுக்கு மூன்று ஆட்டத் தடை, 7,500 ஃபிராங்க் அபராதம். மாத்தராஸிக்கு இரண்டு ஆட்டத் தடை, 5,000 ஃபிராங்க். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் கிட்டத்தட்ட சம தண்டனை. அடித்தவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டதால் சமூக சேவை செய்து கழித்தார். அடிபட்டவர் மட்டும் வெளியே உட்கார்ந்து தடையை அனுபவித்தார்.

ஜிதானின் எஸ்.ஆரும் வெள்ளைத்தாள் அல்ல. 1998 உலகக் கோப்பையிலேயே சவூதி அரேபிய வீரரை மிதித்து வெளியே போனவர். 2000-ல் ஹாம்பர்க் அணி வீரர் ஒருவரைத் தலையால் முட்டியவர். அந்த ஹாம்பர்க்காரர் பெயர் யாருக்காவது தெரியுமா? அவரையும் நாம் மறந்தாயிற்று.

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம். முட்டுக்குப் பிரெஞ்சில் "கூ த தெத்" என்பார்கள். தலையால் கொடுக்கும் அடி. அதே சொல்லுக்கு, யோசிக்காமல் சட்டென்று செய்துவிடும் காரியம் என்றும் பொருள் உண்டு. அந்த மொழியே முட்டியவருக்குப் பாதி மன்னிப்பை எழுதி வைத்திருக்கிறது. இந்தச் சொல்லையே பெயராக வைத்து அதெல் அப்தெஸ்ஸமெத் என்ற சிற்பி ஐந்து மீட்டர் உயரத்தில் ஒரு வெண்கலச் சிலை செய்தார். 2012-ல் பாரிஸில் பொம்பிது மையத்தின் முன்னால் நிறுத்தினார்கள். ஜிதான் முட்டுகிறார், மாத்தராஸி பின்னால் சாய்கிறார். அடுத்த வருஷம் அது கத்தார் நாட்டுக்குப் போய்க் கடற்கரையில் நின்றது. அங்கே எதிர்ப்பு வந்து சில வாரத்திலேயே எடுத்துவிட்டார்கள். விழுந்துகொண்டே இருக்கும்படி உங்களுக்கு யாராவது சிலை வைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் கோலுக்கு யாரும் அப்படி ஒரு சிலை வைத்து உலகம் சுற்றவில்லை.

பிரெஞ்சில் இன்னொரு சொல் "தெஃபான்சர்". பேக் ஆடுபவருக்கும் அதுதான், ஒருவருக்காக வாதாடுபவருக்கும் அதுதான். அந்த வேலையை இன்று நான் எடுத்திருக்கிறேன்.

ஏன் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். முதியோர் உதவித்தொகைப் பட்டியல் என் மேஜையில். செத்துப்போனவர்கள் பெயரில் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு கிராமமாகப் போய்ச் சரிபார்த்து நிறுத்தினேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. நிறுத்துகிறவனை யாருக்குப் பிடிக்கும்?

அங்கே மூத்தவர் ஒருவர் இருந்தார். ஆபீஸே அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும். நல்ல மனிதர்தான். ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. அந்தப் பட்டியல் விஷயமாக ஒருநாள் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. "பிரெஞ்சுத் துரைக்கு எங்க ஊரு நெலவரம் என்ன தெரியும்?" என்று எல்லார் முன்னிலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவர் மகளை இழுத்து ஒரு வார்த்தை சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு வரன் அமையாமல் தள்ளிப்போய்க்கொண்டிருந்த நேரம். கையில் இருந்த பதிவேட்டால் என்னை அடித்தார். மூக்குக்கண்ணாடி உடைந்து கன்னம் கிழிந்தது.

நான் சொன்ன வார்த்தை தவறு. இன்றைக்கும் ராத்திரி தூக்கம் வராதபோது அந்த வார்த்தைதான் வந்து நிற்கும். 17(ஏ) நடவடிக்கையில் எனக்குக் "கண்டனம்" என்று போட்டு எஸ்.ஆரில் சிவப்பு மையில் ஏற்றினார்கள். அதை நான் எதிர்க்கவில்லை. எனக்கு வலித்தது அதற்குப் பிறகு நடந்தது. எந்த ஆபீசுக்கு மாற்றலாகிப் போனாலும் எனக்கு முன்னால் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருக்கும். "வாய் நீளமான ஆளாம்ல" என்று. செத்தவர் பெயரில் போன பணத்தை நிறுத்திய கதை ஒரு மேஜையையும் தாண்டவில்லை.

ராஜபாளையம் நாயைப் பற்றி ஊர் உலகத்துக்கே தெரியும். 2005-ல் தபால்தலையே போட்டார்கள். காவலுக்கு அதை மிஞ்ச நாய் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு நாய் இருந்தது, பத்து வருஷம் வீட்டைக் காத்தது, ஒருநாள் பால்காரரைக் கடித்தது. அது சாகும்வரை "பால்காரரைக் கடித்த நாய்" என்றுதான் பெயர். பேக் ஆடுகிறவர் நிலைமையும் இதுதான். அவர் தடுத்த பந்துகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. ஒன்றை விட்டால், ஒருவரை இடறிவிட்டால், அது மட்டும் நிற்கும்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இந்த மாத்தராஸி சென்னையில் மூன்று சீசன் இருந்தார் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆடிக்கொண்டே பயிற்சியும் தர வந்தார். "பேரே மதராஸி மாதிரி இருக்குல்ல" என்று என் டீக்கடை நண்பர்கூட அப்போது சிரித்தார். முதல் வருஷம் லீக் ஆட்டங்களில் அணி முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் கூடுதல் நேரத்தில் போனது.

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? எந்த நெஸ்தாவின் காயத்தால் இவருக்கு இடம் கிடைத்ததோ, அந்த நெஸ்தா ஓய்விலிருந்து எழுந்து, இவர் கூப்பிட்டதற்காகச் சென்னைக்கு வந்து சில ஆட்டங்கள் ஆடினார். இடம் பறிபோனவர் இடம் பெற்றவனுக்காக இவ்வளவு தூரம் வருவாரா, அவன் அத்தனை கெட்டவனாக இருந்தால்? 2006-ல் தோற்ற அதே பிரெஞ்சு அணியில் இருந்த சில்வெஸ்த்ரும் இவர் அணியில் ஆடினார். இன்னொரு பிரெஞ்சுக்காரர் பெர்னார் மெந்தி மூன்று சீசனும் கூடவே இருந்தார். புதுச்சேரி அண்ணனுக்கு இன்னும் ஆறாத கோபம், ஜிதானோடு ஒரே அறையில் சட்டை மாற்றிய சில்வெஸ்த்ருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

2015-ல் அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. அவ்வளவுதான் என்றார்கள். கடைசி ஆட்டங்களை வரிசையாக வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். அப்போது சென்னையில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் வெள்ளம். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். மூன்றுக்குச் சைபர் என்று கொல்கத்தாவை வென்றார்கள். டிசம்பர் 20, இறுதி ஆட்டம், கோவாவில், கோவா அணிக்கு எதிராக. 87-வது நிமிடத்தில் கோவா இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் போனது. 90-வது நிமிடத்தில் கோவா கோலியின் கையில் பட்டுப் பந்து உள்ளே போனது. அதற்குப் பிறகு மென்தோசா ஒன்று போட்டார். மூன்றுக்கு இரண்டு. வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த ஊருக்கு ஒரு கோப்பை வந்தது. முந்தியதை இழந்தாலும் முடியும்வரை ஆடு என்பதை 2006 பெர்லினில் கற்றவர்தான் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். "தோனி டீம்" என்பார்கள், "அபிஷேக் பச்சன் டீம்" என்பார்கள். அவர்கள் அணியின் பங்குதாரர்கள். பணம் போட்டவர்கள் பெயர் நிற்கிறது. பயிற்சி கொடுத்தவரை அந்த மூன்று வருஷமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம், ஜிதானிடம் என்ன சொன்னீர்கள் என்று. பின்களம் எப்படி நிற்க வேண்டும் என்று நம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது சீசனில் அணி பின்தங்கியது. 2017-ல் போய்விட்டார். நாம் வழியனுப்பிய லட்சணமும் அவ்வளவுதான்.

"ஜிதான் மேதை அண்ணாச்சி, இவர் சாதாரண ஆள்தானே?" என்று நண்பர் கேட்டார். சரி, சாதாரண ஆள்தான். மேதைக்குச் செய்யும் மன்னிப்பைச் சாதாரண ஆளுக்கும் செய்தால் என்ன குறைந்துபோகும்? மேதைக்கு அவசியமே இல்லை, உலகம் தானாக மன்னித்துவிடும். நாம் மன்னிக்கவேண்டியது சாதாரண ஆட்களைத்தான். ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

என் கதையின் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன். அந்த மூத்தவர் மேஜை முன்னால் மறுநாளே போய் நின்றேன். அவர் தலை நிமிரவில்லை. ஓய்வு பெறும் வரை பேசவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷமே நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. நியாயம்தான்.

பல வருஷம் கழித்து அவர் காலமானார். துக்கத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் என்னைக் காட்டி இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உள்ளே போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "காரைக்கால் சார்தான நீங்க? உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாக. பட்டியல்னா அந்தக் காரைக்கால்காரர் எழுதுனாப்ல இருக்கணும், ஒரு பேரு தப்பா இருக்காதும்பாக" என்றார்கள்.

வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. அடித்தவர் என்னை முழுசாக வைத்திருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள்தான் அரை நிமிடத்தை வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேரனிடம் போனை வாங்கி, 19-வது நிமிடத்துக் கோலைத் தேடிப் போடச் சொன்னேன். இரண்டு தரம் பார்த்தான். "தாத்தா, இவரு எவ்வளவு ஒசரம்?" என்று கேட்டான். ஆறடி நாலு அங்குலம் என்றேன். மூன்றாவது தரமும் போட்டுப் பார்த்தான்.

புதுச்சேரி அண்ணன் இதைப் படித்தால் போன் செய்வார். திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களும் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் அந்தக் கோலை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.